புழுங்கலரிசியும் மனச்சோர்வும்

வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கிறது, தினம் ஒன்று சாப்பிட்டால் மனச்சோர்வு அண்டாது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் முற்பாதி உண்மை. வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மூளைக்குப் போய்ச் சேராது. மூளையின் இரத்த நாளங்களில் உயிரணுக்கள் இடைவெளியே விடாமல் நெருக்கி நிற்கின்றன. இரத்தத்தில் வரும் எல்லாவற்றையும் அவை உள்ளே விடுவதில்லை. செரோடோனினுக்கு அங்கே அனுமதி கிடையாது. நம் உடம்பிலுள்ள செரோடோனினில் ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. அதனாலும் மூளைக்கு நேரடிப் பயன் இல்லை.

மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்பவை மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் சில லட்சம் நரம்பணுக்கள். மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால் இது கணக்கிலேயே வராது. ஆனாலும் அவற்றின் கிளைகள் மூளையின் மூலைமுடுக்கெல்லாம் ஓடுகின்றன. தூக்கம், பசி, வலி, கோபம், பொறுமை என்று எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

அந்தத் தயாரிப்புக்கு மூலப்பொருள் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம். 1901ல் கேம்பிரிட்ஜில் பிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸும் சிட்னி கோலும் பாலில் உள்ள கேசீன் புரதத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் உடம்பால் அதை உண்டாக்க முடியாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. செரோடோனின் வெளிச்சத்துக்கு வந்தது பின்னால். 1948ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் மூவரும் இரத்தத்திலிருந்து அதைப் பிரித்தபோது, இரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருள் என்றுதான் நினைத்தார்கள். அது மூளையிலும் இருக்கிறது என்று பெட்டி டுவாரோக் என்ற இளம்பெண் ஆய்வாளர் காட்டியது 1953ல்.

டிரிப்டோஃபான் செரோடோனினாக மாறுவதற்கு இரண்டே படிகள். முதல் படியில் ஒரு நொதி அதனுடன் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. இந்த நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும். கிடைப்பது 5-எச்டிபி. இரண்டாம் படியில் இன்னொரு நொதி அதன் வாலை வெட்டுகிறது. இதற்கு பி6 வைட்டமின் வேண்டும். இரண்டில் முதல் படிதான் மெதுவானது. மூளையில் அந்த நொதிக்கு எப்போதும் முழு வேலை இருப்பதில்லை. டிரிப்டோஃபான் கூடினால் உற்பத்தியும் ஓரளவு கூடும், குறைந்தால் குறையும். சாப்பாட்டுக்கும் மனநிலைக்கும் தொடர்பு தேடுகிறவர்கள் எல்லோரும் பிடித்துக்கொள்வது இந்த ஓர் இடத்தைத்தான்.

ஆனால் மூளைக்குள் போகும் வழி டிரிப்டோஃபானுக்கு எளிதல்ல. தோட்டத்துப் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு ஏற்றிப்போன பழைய லாரியை நினைத்துக்கொண்டால் விளங்கும். லாரி ஒன்றுதான், ஏற நிற்பவர்களோ பலர். லூசின், ஐசோலூசின், வாலின், டைரோசின், பினைல்அலனின் என்று முண்டியடிக்கும் கூட்டத்தில் டிரிப்டோஃபான் ஒல்லிப் பிள்ளை. பெரும்பாலான புரதங்களில் அது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான் தேறும். கறியும் முட்டையும் நிறையச் சாப்பிட்டால் டிரிப்டோஃபானும் கூடுகிறது, போட்டிக்கு வருகிறவை அதைவிட அதிகமாகக் கூடுகின்றன. லாரியில் அதற்கு இடம் கிடைப்பது அரிதாகிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜான் ஃபெர்ன்ஸ்டிரோமும் ரிச்சர்ட் வுர்ட்மனும் எலிகளிடம் இதைச் சோதித்தபோது, புரதமே இல்லாத மாவுச்சத்து உணவு மூளையின் டிரிப்டோஃபானைக் கூட்டியது. காரணம் இன்சுலின். மாவுச்சத்து உள்ளே போனதும் சுரக்கும் இன்சுலின் மற்ற அமினோ அமிலங்களைத் தசைகளுக்குள் தள்ளிவிடுகிறது. வரிசை காலியாகி டிரிப்டோஃபானுக்கு வழி கிடைக்கிறது. “சோறு சாப்பிட்டால் சந்தோஷம்” என்ற தலைப்புகள் பிறந்தது இங்கிருந்துதான். ஆனால் சாப்பாட்டில் ஐந்து விழுக்காடு அளவுக்குப் புரதம் சேர்ந்தாலே இந்த விளைவு பெரும்பாலும் மறைந்துவிடும் என்று பின்னால் தெரிந்தது. அரிசியிலேயே ஏழு விழுக்காடு புரதம் இருக்கிறது. காலையில் பசியாற நாசி லெமாக் சாப்பிட்டு, அதிலுள்ள நெத்திலியையும் முட்டையையும் சேர்த்து எண்ணினால், செரோடோனின் கணக்கு அங்கேயே படுத்துவிடும்.

சரி, டிரிப்டோஃபான் போதாமல் போகிறதா? வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அறுபது கிலோ எடைக்கு 240 மில்லிகிராம். முந்நூறு கிராம் அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டாலே ஏறக்குறைய இந்த அளவு வந்துவிடும். பருப்பு, மீன், பால் எல்லாம் அதற்கு மேல். ஈப்போ புந்தோங்கில் நம்மவர்கள் தலைமுறைகளாக வறுத்து விற்கும் கச்சான் பூத்தேயில் இருக்கும் கடலையும் கொண்டைக்கடலையும் இதற்கு நல்ல சரக்கு. நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமை ஒட்டி வரும். கொண்டைக்கடலையைப் பற்றி ஓர் இஸ்ரேலியக் குழு 2007ல் சுவையான ஒரு கருத்தைச் சொன்னது. காட்டில் விளையும் கொண்டைக்கடலையைவிட நாம் பயிரிடும் வகையில் தனித்து நிற்கும் டிரிப்டோஃபான் பல மடங்கு அதிகமாம். ஆதிகால உழவர்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாமாம். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பசிக்குப் பயிரிட்டவன் மனநிலை பார்த்தா விதை பொறுக்கினான்? ஆனால் வயிறு நிறையச் சாப்பிடுகிற வீட்டில் டிரிப்டோஃபான் பற்றாக்குறை வருவது அரிது என்பதில் ஐயமில்லை.

உண்மையான பற்றாக்குறை எப்படி இருக்கும் என்று பார்க்க பெல்லாகரா என்ற நோயிடம் போக வேண்டும். சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபானில் பெரும்பகுதி, ஏறக்குறைய 95 விழுக்காடு, செரோடோனின் பக்கமே போவதில்லை. கைனுரெனின் என்ற வேறு பாதையில் போய், அதில் ஒரு பங்கு நியாசின் என்னும் பி3 வைட்டமினாகிறது. 60 மில்லிகிராம் டிரிப்டோஃபானுக்கு ஒரு மில்லிகிராம் நியாசின். மக்காச்சோளமே கதி என்று வாழ்ந்தவர்களுக்கு இரண்டும் போதாமல் போயிற்று. தோல் வெடித்து, வயிறு போய், கடைசியில் புத்தி பேதலிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநில மனநோய் விடுதிகளில் இவர்கள் நிறைந்திருந்தார்கள். இது தொற்றுநோய் அல்ல, சாப்பாட்டுக் குறை என்று நிறுவ ஜோசப் கோல்ட்பெர்கர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இந்தியாவில் தக்காணத்தில் வெள்ளைச்சோளம் உண்ட ஏழைகளிடம் இதே நோயைக் கண்டவர் ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். அந்தச் சோளத்தில் லூசின் மிகுதி என்பதைச் சுட்டி, 1960ல் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து அவர் ஒரு விளக்கம் சொன்னார். லாரியில் முண்டியடித்த அதே லூசின்தான். அந்த விளக்கத்தைப் பின்வந்த ஆய்வுகள் முழுமையாக ஏற்கவில்லை.

அரிசி உண்ட மலாயாவில் நடந்தது வேறு கதை. அதில் தமிழர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. நம்மவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கும், நடை தளரும், இதயம் நிற்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள்தான் அதிகம் மடிந்தார்கள். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். மலாய்க்காரர்கள் வீட்டில் குத்திய அரிசி சாப்பிட்டார்கள், நோய் இல்லை. தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் இல்லை. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி தின்றவர்களுக்குத்தான் வந்தது. வில்லியம் பிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் இதை நம்பவில்லை. சோதித்துப் பார்க்க அவர் தேர்ந்த இடம் கோலாலம்பூர் மனநோய் விடுதி. 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றை எண்ணுக்கு ஒரு வகை அரிசி, இரட்டை எண்ணுக்கு மற்றது. வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் இரண்டே பேர். இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவரும் சாகவில்லை. மருத்துவ வரலாற்றில் இது புகழ்பெற்ற சோதனை. அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கிவிடுகின்றன. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே தங்கிவிடும். பெரிபெரியைத் தடுத்தது அதிலுள்ள பி1. அதோடு நியாசினும், செரோடோனின் செய்யும் இரண்டாம் படிக்கு வேண்டிய பி6 வைட்டமினும் பச்சரிசியில் இருப்பதைவிடப் புழுங்கலில் கூடுதல். நியாசின் நேராகவே கிடைத்தால் அதற்கென்று டிரிப்டோஃபானைச் செலவழிக்க வேண்டிய தேவையும் குறைகிறது. கப்பலில் வந்த அரிசி மூட்டைக்குள் இதெல்லாம் இருந்தது கங்காணிக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது.

பிளெட்சரின் சோதனை முடிந்த சில ஆண்டுகளில், 1911ல், ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் மலாய் மாநிலங்களுக்கான பெரிய மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரின் பெயரே ஒரு கேலிச்சொல்; யாராவது கொஞ்சம் மாறாகப் பேசினால், “இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்பார்கள். சோர்ந்து கிடப்பவரை வீட்டார் டாக்டரிடம் அழைத்துப் போகாமல் சாமியாடியிடம் அழைத்துப் போனதற்கு இந்தக் கேலியும் ஒரு காரணம்.

மனச்சோர்வுக்குக் காரணம் செரோடோனின் குறைவுதான் என்ற கருத்து எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தபோது சிலர் சோர்ந்துபோனார்கள். 1955ல் அந்த மருந்து உடலின் செரோடோனின் இருப்பைக் காலிசெய்வது தெரிந்தது. குறைந்தால் சோர்வு என்றால், கூட்டினால் தெளிவு என்ற எண்ணம் அங்கே முளைத்து, 1980களின் பிற்பாதியில் புரோசாக் மாத்திரையாக உலகெங்கும் பரவியது.

இதை நேராகச் சோதிக்க ஒரு வழி உண்டு. டிரிப்டோஃபான் மட்டும் இல்லாமல் மற்ற அமினோ அமிலங்களைக் கலந்து ஒரு பானம் கொடுத்தால், சில மணி நேரத்தில் இரத்தத்தில் டிரிப்டோஃபான் சரிந்துவிடும். 1990ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ டெல்காடோவின் குழு, மருந்தால் தேறியிருந்த 21 பேரிடம் இதைச் செய்தது. அவர்களில் 14 பேருக்குச் சோர்வு சில மணி நேரத்துக்குள் திரும்பி வந்தது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அகன்றது. ஆனால் மனச்சோர்வே வராத நலமானவர்களிடம் இதையே செய்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தவர்களிடம் சிறிது மாற்றம் தெரிந்தது, அவ்வளவுதான். மூலப்பொருளை நிறுத்தினால் எல்லோரும் சோர்ந்துவிடுவதில்லை. 2022ல் ஜோவன்னா மான்கிரீஃபும் சகாக்களும் இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்த்து, மனச்சோர்வுக்குச் செரோடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு, அது தவறு. 2018ல் லான்செட் இதழில் வந்த ஒரு பெருந்தொகுப்பு, 522 சோதனைகளைப் பார்த்து, 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றது. மருந்து வேலை செய்யும் விதம் நாம் நினைத்ததுபோல் இல்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்றாகிவிடாது. காய்ச்சலுக்குப் பாரசெட்டமால் போடுகிறோம்; உடம்பில் பாரசெட்டமால் குறைந்ததாலா காய்ச்சல் வந்தது?

செரோடோனினோடு இன்னும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருப்பது, என் வாசிப்பில், சோகம் அல்ல, அவசரம். 1976ல் ஸ்டாக்ஹோமில் மேரி ஆஸ்பெர்க், மனச்சோர்வு கொண்டவர்களின் தண்டுவட நீரில் செரோடோனின் சிதைந்து வரும் பொருளை அளந்தார். அது குறைவாக இருந்தவர்களிடம் தற்கொலை முயற்சி, அதிலும் கடுமையான முயற்சி, அதிகம் தெரிந்தது. ஒரு நொடிக் கோபத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலில் இதற்குப் பங்கிருக்கிறது என்பது அதன் பின் வந்த பல ஆய்வுகளின் போக்கு.

பேராக்கின் தோட்டங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, பீடோர், தெலுக் இந்தான் என்று எங்கு போனாலும் ஒரு காலத்தில் கித்தா காடு. பெரட்டு, பால்வெட்டு, லயத்து வீடு, கள்ளுக்கடை. 1980களிலிருந்து அந்தக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாற, லட்சக்கணக்கான தமிழர்கள் வீட்டையும் வேலையையும் கோயிலையும் ஒரே சமயத்தில் விட்டு வெளியேறினார்கள். பட்டணத்தோரம் சேர்ந்தவர்களுக்கு வாடகை, கடன், சம்சு. மலேசியாவின் தற்கொலைப் பதிவேடு 2007 முதல் 2009 வரை சேர்த்த கணக்கில் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களின் விகிதமே அதிகம். அதற்கு முன்பே, 1988ல், தாப்பாவிலிருந்து ஏறும் கேமரன் மலையைப் பற்றி மருத்துவர் டி. மணியம் பிரிட்டனின் மனநல இதழ் ஒன்றில் இதே நிலையைப் பதிவுசெய்திருந்தார். உழவு மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது அந்தக் கதையின் பெரும்பகுதி.

இங்கே அமினோ அமிலத்தைவிட அரசாணை வலிமையானது. இலங்கையில் 1995ல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 விழுக்காடு இறங்கியது. யாருடைய மூளையிலும் செரோடோனினைக் கூட்டவில்லை. கோபம் கடந்து போகும்வரை கையில் விஷம் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மலேசியா பாராகுவாட் களைக்கொல்லியை முழுமையாகத் தடைசெய்தது 2020 ஜனவரியில். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை 2023ல் நீக்கியது.

உடம்புக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. டிரிப்டோஃபான் கைனுரெனின் பாதையில் எவ்வளவு போகும் என்பது நிலையான கணக்கல்ல. நீண்ட மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் கல்லீரலில் அந்தப் பாதையின் நொதியைத் தூண்டுகிறது. உடம்பில் அழற்சி இருந்தால் அதே வேலையைச் செய்யும் இன்னொரு நொதி மற்ற இடங்களில் விழித்துக்கொள்கிறது. கல்லீரல் அழற்சிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களில் கணிசமானோருக்கு மனச்சோர்வு வந்ததும், அவர்கள் இரத்தத்தில் டிரிப்டோஃபான் குறைந்ததும் இப்படித்தான் கவனத்துக்கு வந்தன. ஆக, துயரம் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கி மூளைக்குப் போகிறது என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை. வேலை போன, வீடு போன துயரமே டிரிப்டோஃபானின் வழியைத் திருப்பிவிடக்கூடும்.

செரோடோனின் தயாரிப்பின் முதல் படிக்கு வேண்டிய இரும்பும் அப்படித்தான். தோட்டத்தில் செருப்பில்லாக் கால்களில் ஏறிய கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்து ஒரு தலைமுறையையே வெளிறவைத்தது. இன்று புழு குறைந்துவிட்டது, சோகை குறையவில்லை: மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்குச் சோகை. இரும்பு குறைந்ததும் மூளைச் செரோடோனின் சரிகிறது என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் சோகையின் களைப்பும் அசதியும் மனச்சோர்வைப்போலவே தோன்றும். தைராய்டு குறைந்தாலும் அப்படியே. சோர்வோடு வரும் பெண்ணுக்கு மனநல மாத்திரை எழுதுமுன் இரத்தத்தைச் சோதிக்கும் டாக்டர் நல்ல டாக்டர்.

கடைசியாக, புட்டிகளைப் பற்றி. டிரிப்டோஃபானும் 5-எச்டிபியும் ‘இயற்கை மகிழ்ச்சி’ என்ற பெயரில் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. 1989ல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரை சாப்பிட்ட 1,500க்கும் மேற்பட்டோருக்குத் தாங்க முடியாத தசைவலி கண்டது; முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கு. அதில் கலந்திருந்த மாசுமேல்தான் ஐயம் விழுந்தது. மாசில்லாத சரக்கிலும் வேறு ஆபத்து இருக்கிறது. மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் அதோடு 5-எச்டிபியும் சேர்த்தால் செரோடோனின் அளவு மீறி, உடம்பு கொதித்து, கைகால் நடுங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். டிரமடால் என்ற வலிமாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த இருமல் மருந்தும்கூட இந்தக் கூட்டணியில் சேரும்.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகச் சொல்கிறது. 2019ல் இருந்ததைப்போல் இரு மடங்கு. தஞ்சோங் ரம்புத்தான் வரை போகத் தேவையில்லாத கட்டத்திலேயே கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கலாம். 15555 என்ற அரசின் எண்ணை அழைத்தும் பேசலாம். மருந்து எழுதிக் கொடுத்தால் அதன் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தக் கூடாது. போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை, பொடி, புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. அவற்றில் எதில் 5-எச்டிபி கலந்திருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.